பன்னிரண்டாம் படி

ஒலோமௌட்ஸ் நகர ஆஸ்பத்திரியில்
சலவைக்கூடத்தில் எனக்கு வேலை.
துவைத்த விரிப்புகளின் மடிப்பில்
பத்திரிகை என் கைக்கு வரும்.
"பக்கத் தண்டவாளம்" என்று பெயர்.
ஆசிரியர் ஒல்த்ரிஹ்
தர்க்கம் கற்பித்துக்கொண்டிருந்தவர்.
எங்கோ போட்ட ஒரு கையெழுத்தை
வாபஸ் வாங்க மாட்டேன் என்றதால்
எங்கள் கொதிகலனுக்குக் கரி தள்ளிக்கொண்டிருந்தார்.

தட்டச்சு, ரத்மிலா.
வெங்காயத் தோலாய்த் தாள் பன்னிரண்டு,
இடையிடையே கரித்தாள் பதினொன்று.
ஆணி அறைவதுபோல் அடிப்பாள்.
கீழ்வீட்டில் கட்சிக்காரர் குடியிருந்தார்.
சத்தத்துக்குக் காரணம் காட்ட
ஒரு தையல் இயந்திரமும் வாங்கினாள்.
இரண்டு பாவாடை தைத்தாள், கோணலாக.

முதல் படி தலைநகருக்கு.
இரண்டாவது எல்லை தாண்டிப் போகும்.
அப்புறம் பாதிரியார், பல் மருத்துவர், ரயில்வே கணக்கர் என்று
இறங்கி இறங்கி
பன்னிரண்டாவது எனக்கு.

அதில் எழுத்து இருக்காது.
எழுத்து வந்துபோன வதந்திதான் இருக்கும்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாமென்றால்
என் ஜன்னல் தெருவைப் பார்த்தது.
கழிவறை விளக்கடியில் நின்று
தெரியாத இடங்களை நானே நிரப்பிக்கொண்டேன்.

ஒன்பதாம் இதழ், எண்பத்தொன்று மார்ச்,
ஒல்த்ரிஹின் கட்டுரை, கடைசி வரி:
"நம்மை ஆள்வது வேறெதுவுமில்லை, ப்ராஹ்."
ப்ராஹ் என்றால் எங்கள் மொழியில் தூசி.
சொல்லின் தலை மங்கியிருந்தது.
தூசி என்றே எடுத்துக்கொண்டேன்.

தூசியா!
அவ்வளவுதானா!

அந்த மாதமே
தொழிற்சங்கக் கூட்டத்தில் கண்டனத் தீர்மானம் சுற்றிவந்தது.
யாரைக் கண்டிக்கிறோம் என்று கேட்டேன்.
கையெழுத்துப் போடாமல் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளினேன்.
விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.
லெப்டினன்ட் கேட்கக் கேட்க
அவர் தொலைபேசிமேல் படிந்திருந்ததையே பார்த்திருந்தேன்.
பிறகு விரலால் ஒரு கோடு இழுத்தேன்.
அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

அதற்கு விலை இருந்தது.
மகன் போரெக்
கணக்கில் வகுப்பிலேயே முதல்.
மேல்நிலைப் பள்ளிப் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை.
கொத்து வேலைக்குப் போனான்.

பத்திரிகை நடந்தது.
பதினேழாம் இதழ் மட்டும் இல்லை.
அந்த வாரம் தட்டச்சு இயந்திரத்தை எடுத்துப்போனார்கள்,
தையல் இயந்திரத்தையும் சேர்த்து.
அடுத்து வந்ததற்குப் பதினெட்டு என்றே எண்ணிட்டார் ஒல்த்ரிஹ்.
எங்கே பதினேழு என்று எவனாவது கேட்கட்டும் என்றார்.
கேட்டது போலீஸ் மட்டும்தான்.
வீடு வீடாகத் தேடினார்கள்,
எழுதவே எழுதாத ஓர் இதழை.

ஆட்சி விழுந்தபின் அச்சில் வந்தது,
வண்ண அட்டை, எட்டாயிரம் பிரதி.
கடையில் கார் பத்திரிகைகளுக்கு நடுவே நான்கு மாதம் நின்றது.
பிறகு வரவில்லை.
யாரும் தடுக்கவில்லை.

போன வாரம் நகர அருங்காட்சியகத்தில்
கண்ணாடிக்குள் முதல் படியைப் பார்த்தேன்.
எறும்பைப்போல் கறுத்த எழுத்து.
ஒன்பதாம் இதழ், கடைசி வரி,
ப்ராஹ் இல்லை.
ஸ்த்ராஹ்.
அச்சம்.

எழுதினவர் ஏட்டைக் கெடுக்கவில்லை.
படித்தவள் பாட்டைக் கெடுத்திருக்கிறேன்.
அச்சம் என்று அன்று படித்திருந்தால்
நான் என்னவெல்லாம் செய்திருக்க மாட்டேன்!

ஒல்த்ரிஹிடம் சொன்னேன்.
காது மந்தம், இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.
"பிழைதிருத்தம் அடுத்த இதழில்" என்றார்,
முகம் மாறாமல்.

போரெக்கிடம் இன்னும் சொல்லவில்லை.
ஞாயிறன்று வருகிறான்,
சமையலறைச் சுவரைக் கொத்திப் பூச.
மத்தியானம் சாப்பிடக் கூப்பிடுவேன்.
தலை, புருவம், இமையெல்லாம் வெளுத்து
வாசலில் நின்று
உதறிக்கொண்டிருப்பான்.